வேனுக்குள் கணப்பு வேண்டாம்

மார்கழி பிறந்துவிட்டால் கோயம்புத்தூர் வண்டிகள் மேட்டுப்பாளையம் பக்கம் திரும்பிவிடும். முன்பெல்லாம் மேலே போய் காட்டேஜ் எடுத்துத் தங்குவார்கள். இப்போது டெம்போ டிராவலருக்குள்ளேயே மெத்தை, சின்ன அடுப்பு, இன்வெர்ட்டர் என்று எல்லாம் வைத்துக்கொண்டு, ஊட்டியும் கொடைக்கானலும் தாண்டி அயல் மாநிலம்வரை ஊர் சுற்றும் தம்பதிகளைப் பார்க்கிறோம். பஸ்ஸுக்குக் கூடு கட்டும் கரூர் நமக்குப் பக்கம்தான். வண்டிக்குள் மரவேலை செய்து தரும் பட்டறைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

நல்ல ஆசைதான், குறை சொல்ல வரவில்லை. நான் பேச வந்தது இரவு பத்து மணிக்கு மேல் அந்த வேனுக்குள் நடப்பதைப் பற்றி. ஜனவரியில் அவலாஞ்சியிலும் தலைகுந்தாவிலும் உறைபனி படியும். வேனின் தகரச் சுவர் குளிரைத் தடுக்காது. "ஏனுங்க, கை காலெல்லாம் நடுங்குது, அந்த அடுப்பைக் கொஞ்சம் பத்த வைங்க" என்பார் மனைவி. "சரி, நீ கண்ணாடிய முழுசா ஏத்தி விடு அம்மிணி" என்பார் கணவர். இந்த இரண்டு காரியமும் ஒன்று சேரக் கூடாது.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே நெடுஞ்சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு ஊழியர்கள் பிணமாகக் கிடந்தார்கள். அங்கே குளிர்கூட இல்லை. ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, வண்டியின் அடித்தளத்து ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருந்தது. கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் வண்டியைச் சோதித்து இதை உறுதிசெய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கொடைக்கானலில், அறைக்குள் கரி அடுப்பில் பார்பிக்யூ போட்டுவிட்டுத் தூங்கிய திருச்சி நண்பர்களில் இருவர் எழுந்திருக்கவில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனுக்குச் சுற்றுலா போன கேரளக் குடும்பத்தினர், விடுதி அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். நான்கு குழந்தைகள் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள்.

மூன்றிலும் கொன்றது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்ளும். "புகையே இல்லீங்க, வெறும் கங்குதான்" என்று நம்மூரில் தைரியமாகச் சொல்வார்கள். புகை அடங்கிச் சிவந்து கிடக்கும் கரியிலிருந்துதான் இந்த வாயு தாராளமாக வரும்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அடக்க முடியாத தூக்கம் ஆகியவைதான் அறிகுறிகள். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டிக்கு 36. வளைவில் ஏறி வந்தவருக்குத் தலை சுற்றுவது வழக்கம் என்பதால், சுக்குக் காபி குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா, வெளியே வந்து நின்றால் தெளிகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் வளைவின்மேல் பழி போடாதீர்கள்.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து, முதலில் வெளியே இழுத்துப் போடுங்கள். 108-க்குக் கூப்பிடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, 98 காட்டுகிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இந்த வாயு ஏறிய ரத்தத்துக்கும் வேறுபாடு தெரியாது. மருத்துவமனையில் கார்பன் மோனாக்சைடு சந்தேகம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரமாகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

குளிருக்கு என்னதான் செய்வது? கம்பளி, ஸ்லீப்பிங் பேக், தரைக்குத் தடித்த பாய், வெந்நீர்ப் பை. ஜன்னல் இரண்டு பக்கமும் விரலளவு திறந்திருக்கட்டும். சமையல் வெளியே. எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குவதும் கூடாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். வண்டிகளுக்கான அலாரத்துக்கு ஈ.என். 50291-2 என்ற தரக்குறியீடு உண்டு. இத்தனை செலவு செய்து மெத்தை தைப்பவர்கள் இதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுவது எனக்குப் புரிவதில்லை.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அனுமதிக்கப்பட்ட மாற்றமானாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். மீறினால் 182ஏ பிரிவில் ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதைவிடப் பெரிய அடி, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கக்கூடும் என்பது. வாடகைக்கு எடுப்பவர்கள் ஆர்.சி.யில் 'மோட்டார் கேரவன்' என்று இருக்கிறதா எனக் கேட்டுப் பாருங்கள். நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். ஓன் போர்டு வண்டியைச் சல்லிசாகத் தருகிறார்கள் என்று வாங்கிப் போனால், தகராறு வரும்போது நமக்கு அதுவே வினை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருப்பதையும் மறக்க வேண்டாம்.

வாடகை வண்டியின் ஹீட்டரோ ஜெனரேட்டரோ பழுதாக இருந்து தொல்லைப்பட்டால் அது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டியை பெங்களூரிலோ மணாலியிலோ எடுத்திருந்தாலும், பொள்ளாச்சிக்காரர் கோயம்புத்தூர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வசதியைத் தந்திருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். ரசீது, யு.பி.ஐ. பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, பழுதின் போட்டோ எதையும் அழிக்காதீர்கள். உயிரே போயிருந்தால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்து ஆண்டுவரை தண்டனை உண்டு. அதற்கு உடற்கூறாய்வு அறிக்கை மிக முக்கியம் என்பதால், துக்கத்தில் அதை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

அடுத்த முறை வண்டி பேசும்போது, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, அதன் புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.