பை பார்த்துக்க ஒரு ஆள்!

வரும் மே மாத லீவுக்குக் குடும்பத்தோடு வெளிநாடு போய், பெரிய பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றைப் பார்த்து வரலாம் என்று உங்களில் யாராவது நினைத்துக் கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். நாங்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பித்தோம்!

எங்கள் வீடு பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில். என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. கூடவே என் மாமியார், வயது 68. நான் மாதாமாதம் கட்டி வந்த மூன்று லட்ச ரூபாய் ஏலச்சீட்டு தீபாவளியோடு முடிந்தது. வழக்கமாக இப்படிப் பணம் கைக்கு வந்தால் மாடி ஒழுகும், இல்லையென்றால் மைத்துனர் வீட்டு விசேஷம் வரும். இந்த முறை அதிசயமாக எதுவும் வரவில்லை. பிள்ளைகள் விடுவார்களா? வகுப்பில் யாரோ போய் வந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, "டிஸ்னிலேண்ட், டிஸ்னிலேண்ட்" என்று ஒரே பாட்டு.

டிஸ்னிலேண்ட் என்றால் அமெரிக்காதான் என்று நினைத்திருந்தேன். அங்கே 1955-லேயே திறந்தது சரி. டோக்கியோவில் 1983-லும், ஹாங்காங்கில் 2005-லும் திறந்திருக்கிறார்கள் என்று மகள்தான் சொன்னாள். கணக்குப் போட்டதில் கடைசியில் நின்றது சிங்கப்பூர். அங்கே டிஸ்னி இல்லை. செந்தோசாத் தீவில் 2010-ல் திறந்த யூனிவர்சல் ஸ்டுடியோஸ் இருக்கிறது. சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பயணம். சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. தமிழும் அங்கே ஆட்சிமொழி.

"நாலு பேருக்கு பேக்கேஜ் பேசிடறேன்" என்றார் என் கணவர். அத்தை உடனே, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்றார். அப்படியே முடிவாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது தப்பாகப் படவில்லை.

ஒரு டிராவல்ஸில் இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார். அதன்பிறகுதான் மகனுக்கு பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழைத் தேடினேன். எடுத்துப் பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி! பிறந்தவுடன் ஆஸ்பத்திரியிலிருந்து பதிவு செய்ததோடு சரி. பெயர் வைத்தபிறகு போய்ச் சேர்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. ஒரு வருஷத்துக்குள் என்றால் இலவசம். அதற்குமேல் பதினைந்து வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பிறந்தது அம்பத்தூர் என்பதால் அங்குள்ள மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு அலைந்து சேர்த்தோம். அதற்குள் டிராவல்ஸ்காரர் சொன்ன சலுகைத் தேதி போய்விட்டது. பணத்தைக் கேட்டால், "அடுத்த தடவை வரும்போது கழிச்சுக்கலாம் மேடம்" என்கிறார். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. சகோதரிகளே, பின்பக்கத்தைப் படியுங்கள். பாஸ்போர்ட் கையில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நம் ஊர்ப் பெயர்களில் இன்னொரு வம்பு இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தானே! பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுதாக விரித்து எழுத வேண்டும். ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியவர்களை 2022-ல் துபாய் பக்கம் சுற்றுலா விசாவில் விடமாட்டோம் என்று சொல்லி, பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஒரு நாள் லீவு போடவேண்டி வரும்.

இதற்கு நடுவில் பொங்கல் லீவு வந்தது. "அங்க போய் பயந்து அழுதா என்ன பண்றது? முதல்ல இங்க ஒத்திகை பாத்துடலாம்" என்று முட்டுக்காட்டில் இருக்கும் எம்.ஜி.எம். பூங்காவுக்குப் போனோம். அத்தையையும் அழைத்துப் போனோம். மகள் எதற்கும் அசரவில்லை. மகன் உயரம் போதாது என்று சிலவற்றில் ஏற்றவில்லை. என் கணவர்தான், பாவம், ஒரே ஒரு தடவை சுற்றிவிட்டு வந்து ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். நானோ மூன்று தடவை ஏறினேன்! எனக்கே ஆச்சரியம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியதே இல்லை.

அத்தை காலை முதல் சாயங்காலம் வரை ஒரு மர நிழலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் எங்கள் நாலு பை, செருப்பு, ஈரத்துண்டு, புளியோதரைத் தூக்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மகன், "பாட்டி, சிங்கப்பூருக்கும் வா பாட்டி. பையெல்லாம் யாரு பாத்துக்குவா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துக்கொண்டே, "அதுக்கு ஒரு ஆள் வேணும்னா சொல்லுடா, வர்றேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழி நெடுக அதே யோசனை. இதுவரை எத்தனை ஊர் போயிருக்கிறோம்! ஒவ்வொன்றிலும் அவரை எங்கே உட்கார வைத்தோம் என்று நினைத்துப் பார்த்தால், கோயில் வாசலில் செருப்புக்கு, கடற்கரையில் துணிக்கு, ரயிலில் பெட்டிக்கு...

அன்று ராத்திரி அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். கோடாலித் தைலம். "இது சிங்கப்பூர் சாமான் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அத்தைக்குப் பிறந்த ஊர் மன்னார்குடி பக்கம். அவருடைய பெரியண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தாராம். வருஷம் ஒருமுறை வரும்போது இந்தத் தைலமும் நைலக்ஸ் புடவையும் கொண்டு வருவாராம். கடிதத்தில் சிராங்கூன் ரோடு, மாரியம்மன் கோயில், தீமிதி என்று எழுதுவாராம். "ஒரு தடவை உன்னக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சி. அவரும் போயிட்டாரு" என்றார். பதினான்கு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். இந்தக் கதையை நான் கேட்டதில்லை. கேட்டால்தானே!

மறுநாள் காலை என் கணவரிடம், "என்னங்க, போறது அஞ்சு பேரு. அத்தைக்கும் பாஸ்போர்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டேன். "முழங்கால் வலியோட எதுக்கும்மா அலைச்சல்?" என்று அவர் தன் அம்மாவைக் கேட்க, அத்தை பதில் சொல்லாமல் உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து ரேஷன் கார்டு, ஆதார், வோட்டர் ஐடி எல்லாவற்றையும் எடுத்து வந்து வைத்தார். அதற்குமேல் யார் என்ன பேசமுடியும்?

அவர் ஆதாரில் பிறந்த வருஷம் மட்டும் இருந்தது, தேதி இல்லை. வயதானவர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும், உடனே எடுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு முழுத் தேதி வேண்டும். முதலில் ஆதாரைத் திருத்தி, பிறகு விண்ணப்பித்து, விசாரணைக்குப் பூந்தமல்லி ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர் வந்து, "எதுக்கும்மா பாஸ்போர்ட்?" என்று கேட்டபோது அத்தை, "எங்கண்ணன் இருந்த ஊரு பாக்க" என்றார். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பெரியவர்களுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அறுபது தாண்டியவர்களுக்கு அதிலும் பத்து சதவீதம் குறைவு.

செலவைப் பால் கணக்கு நோட்டில்தான் எழுதி வருகிறேன். எழுதும்போதுதான் ஒரு வேடிக்கை புரிந்தது. என் மகளுக்கு 12 வயது. விமானத்தில் அவள் பெரியவள், முழு டிக்கெட். பூங்காவில் 4 முதல் 12 வரை குழந்தை, சின்ன டிக்கெட். பாஸ்போர்ட்டில் மைனர், கட்டணம் ஆயிரம். ஒரே பெண்ணுக்கு மூன்று கணக்கு! பூங்காவில் பெரியவருக்கு ஒரு நாளைக்கு எண்பது சிங்கப்பூர் டாலருக்கு மேல். நம் பணத்தில் ஐயாயிரத்தைத் தாண்டும். அறுபது வயதானவர்களுக்குக் குறைவு.

டிராவல்ஸ் மூலம் பேக்கேஜாக எடுத்தால் டி.சி.எஸ். என்று கூடுதலாகப் பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கு காட்டும்போது கழித்துக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமாகத்தான் கொடுக்கப் போகிறோம். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது தவணை இருக்க வேண்டும். போவதற்கு மூன்று நாள் முன்னதாக வருகை அட்டையை இன்டர்நெட்டில் நிரப்ப வேண்டும். அரசாங்க முகவரியில் நிரப்பினால் இலவசம். காசு கேட்டால் அது வேறு யாரோ என்று தெரிந்துகொள்ளுங்கள். மே முதல் வாரத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறோம். மே கடைசியில் அங்குள்ள பள்ளிகளுக்கே லீவு தொடங்கிவிடும். அப்புறம் ஒவ்வொரு வரிசையிலும் நின்றே பொழுது போய்விடும்.

இனி யார் எங்கே போவது என்ற திட்டம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பூங்காவுக்கு நானும் பிள்ளைகளும். என் கணவர் வரவில்லை! முட்டுக்காடு அனுபவம் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் தன் அம்மாவை சிராங்கூன் ரோட்டுக்கும், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கும் அழைத்துப் போகிறார். 1827-ல் கட்டிய கோயில், சிங்கப்பூரிலேயே பழைய இந்துக் கோயில் அதுதான். அம்மாவும் பிள்ளையும் மட்டும் தனியாக ஒரு ஊரைச் சுற்றி எத்தனை வருஷம் இருக்கும்? இருவருக்கும் நினைவில்லை. எங்கள் பைகளுக்குப் பூங்காவிலேயே லாக்கர் இருக்கிறது. அந்த வாடகையையும் நோட்டில் எழுதிவிட்டேன்.

அத்தையின் பாஸ்போர்ட் போன வாரம் ஸ்பீட் போஸ்ட்டில் வந்தது. சாமி அலமாரியில், விபூதி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுகிறார்.

ஒரே ஒரு கவலைதான் பாக்கி. அந்தப் பூங்காவில் 'மம்மி' என்று இருட்டுக்குள் பாயும் ரயில் ஒன்று இருக்கிறது. அதற்கு 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மகன் அந்த உயரம் வந்தால் மூன்று பேரும் சேர்ந்து ஏறலாம். இல்லையென்றால் அவனோடு வெளியே யார் நிற்பது? சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நேற்று அளந்தோம், நூற்றுப் பத்தொன்பதரை. தினமும் ஒரு முட்டை கொடுக்கிறேன்.

- ஒரு வாசகி, சென்னீர்குப்பம்