தரவு காக்கும் படிகள்

2021 டிசம்பரில் பெய்த கனமழையால் ஷா ஆலாம், கிள்ளான் ஆகிய இடங்களில் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய பேரிடரில் தரவு மையம் ஒன்று முடங்கினால், அதிலுள்ள தரவுகள் என்னவாகும்? இதற்காகவே மேகக் கணிமையில் ஒரே தரவு பல இடங்களில் படியெடுத்து வைக்கப்படுகிறது. 2024 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் மலேசியாவில் தொடங்கிய மேகக் கணிமை வட்டாரத்தில் மூன்று தனித்தனி மண்டலங்கள் உள்ளன.

பல சேமிப்பு முறைகளில், மூன்று படிகளுள் இரண்டிலாவது பதிவான பின்னரே ஒரு மாற்றம் ஏற்கப்படும். ஆகவே, ஒரு மையம் முடங்கினாலும் மற்ற இரண்டும் பணியைத் தொடரும். முடங்கிய மையம் மீண்டதும் விடுபட்டவற்றைப் பெற்றுக்கொள்ளும்.

வட்டாரம் முழுவதும் பாதிக்கப்பட்டால், தொலைதூரப் படியே கைகொடுக்கும். ஆனால், தொலைவு கூடக்கூடப் படியைப் புதுப்பிக்கும் நேரமும் கூடும். அதனால், இறுதி நொடி மாற்றங்கள் அதில் விடுபடக்கூடும்.