பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர்

2003 டிசம்பர் 31, மாலை மூன்று மணி இருக்கும். செர்பியாவிலிருந்து மாசிடோனியாவுக்குள் நுழையும் தபானொவ்ட்சே சோதனைச்சாவடியில் ஒரு பஸ் வந்து நின்றது. எல்லாருடைய பாஸ்போர்ட்டும் திரும்பி வந்தது, ஒருவருடையதைத் தவிர. ஜெர்மனியின் உல்ம் நகரத்துப் பக்கமிருந்து சில நாள் ஓய்வுக்காக மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யே கிளம்பியிருந்த காலிது எல்-மஸ்ரியை மட்டும் கீழே இறங்கச் சொன்னார்கள். குவைத்தில் லெபனான் பெற்றோருக்குப் பிறந்து, ஜெர்மானியக் குடியுரிமை பெற்றவர் அவர். சமீபத்தில்தான் வாங்கிய பாஸ்போர்ட் போலியாக இருக்குமோ என்று காவலர்களுக்குச் சந்தேகம். இரவு பத்து மணி வரை விசாரித்தார்கள். பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்ட ஹாம்பர்க் குழுவினரை ஜெர்மனியில் ஒரு ரயில் பயணத்தில் சந்தித்துப் பேசியதாகச் சொல்லப்படும் காலித் அல்-மஸ்ரி என்றொரு ஆள் உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்று. அந்த ஆள்தான் இவர் என்று நினைத்துவிட்டார்கள். அரபு நாடுகளில் இந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

பெயர் குழப்பம் எந்த எல்லையிலும் நடக்கக்கூடியது. அதற்கு மருந்தும் உண்டு. வெளிநாட்டவர் ஒருவரைப் பிடித்து வைத்தால், அவர் கேட்டுக்கொண்டால், அவருடைய தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு. வெளிநாட்டு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய உரிமை இது. ஸ்கோப்யேயில் ஜெர்மன் தூதரகம் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் பாஸ்போர்ட் அசல்தான் என்பது தெரிந்திருக்கும்.

அந்த போனை யாரும் போடவில்லை. அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாமல் ஸ்கோப்ஸ்கி மெராக் என்ற ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஸ்டேஷன் என்றால் பதிவேடு உண்டு. எத்தனை மணிக்கு, எந்தக் குற்றத்துக்கு, யார் உத்தரவில் என்று ஒரு வரியாவது எழுதியாக வேண்டும். ஹோட்டல் அறையில் அது எதுவும் வேண்டாம். 23 நாள், திரைச்சீலை மூடிய அறையில், துப்பாக்கியோடு ஆட்கள் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். தூதரகத்தோடு பேச வேண்டும் என்றார், மறுத்தார்கள். நான் கிளம்புகிறேன் என்று எழுந்தபோது தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டினார்கள். அல்-கொய்தா உறுப்பினன் என்று ஒத்துக்கொண்டால் ஜெர்மனிக்கு அனுப்பிவிடுகிறோம் என்று பேரம் பேசினார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டை மறுத்தார்.

2004 ஜனவரி 23 அன்று கண்ணைக் கட்டி ஸ்கோப்யே விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முகமூடி அணிந்த அமெரிக்க உளவுத்துறை ஆட்கள் அவரை அடித்து, உடையைக் கிழித்தெடுத்து, சங்கிலியால் பிணைத்து, மயக்க ஊசி போட்டு விமானத்தில் ஏற்றினார்கள். இறங்கிய இடம் ஆப்கானிஸ்தான். காபூல் அருகே ஒரு ரகசியச் சிறை. நாற்றமடிக்கும் தண்ணீர், இருட்டறை, அதே கேள்விகள். மீண்டும் உண்ணாவிரதம் இருந்தார். 37-ஆவது நாளில் குழாய் வழியாக வலுக்கட்டாயமாக உணவைச் செலுத்தினார்கள். ஆள் மாறிப்போனது தெரிந்த பிறகும் பல வாரம் விடவில்லை. விட்டால் விஷயம் வெளியே வந்துவிடுமே!

மே 28 அன்று மறுபடி கண்ணைக் கட்டி விமானத்தில் ஏற்றி, அல்பேனியாவில் இறக்கி, இரவில் ஒரு மலைப்பாதையில் விட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் நட என்றார்கள். பின்னாலிருந்து சுடப்போகிறார்கள் என்றே நினைத்து நடந்திருக்கிறார் அந்த மனிதர். ஜெர்மனி வந்து சேர்ந்தபோது எடை 18 கிலோ குறைந்திருந்தது. வீட்டில் யாரும் இல்லை. எந்தத் தகவலும் வராததால் மனைவி பிள்ளைகளோடு லெபனான் போய்விட்டிருந்தார்.

இனி அவர் சொல்வதை யார் நம்புவார்கள்? மாசிடோனியா அரசு, அவர் ஹோட்டலில் தங்கிவிட்டு பிளாட்சே எல்லை வழியாக கொசோவோவுக்குத் தன் போக்கில் போய்விட்டார் என்று சாதித்தது. கையில் காகிதம் ஒன்றுமில்லாத மனிதருக்கு அவர் உடம்பே சாட்சியானது. முடி வளரும்போது, நாம் குடிக்கும் தண்ணீரும் தின்னும் உணவும் அதில் தடம் பதிக்கின்றன. ஜெர்மன் அரசு வழக்கறிஞர்கள் அவருடைய தலைமுடியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். தெற்காசிய நாடொன்றில் இருந்தார், நீண்ட நாள் பட்டினி கிடந்தார் என்ற அவர் வாக்குமூலத்தோடு அந்த முடிவு பொருந்தியது. சிறையில் இருந்தபோது தரை லேசாக அதிர்ந்ததாகச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் அங்கே சிறு நிலநடுக்கங்கள் பதிவாகியிருந்தன. ஜனவரி 23 இரவு ஸ்கோப்யேயில் இறங்கி, பாக்தாத் வழியாகக் காபூல் போன போயிங் 737 விமானத்தின் பயணப் பதிவும் கிடைத்தது.

அமெரிக்க நீதிமன்றங்கள் அரசு ரகசியம் என்ற ஒரே காரணத்தால் வழக்கை விசாரிக்கவே மறுத்தன. 2007-இல் உச்ச நீதிமன்றமும் கதவை மூடியது. அவரைக் கடத்தியதாக ம்யூனிக்கில் 13 பேர் மீது பிடிவாரண்ட் போட்டும், அவர்களை ஒப்படைக்கும்படி அமெரிக்காவை வற்புறுத்த ஜெர்மன் அரசு முன்வரவில்லை. 2012 டிசம்பர் 13 அன்றுதான் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒருமனதாக அவர் சொன்னதை ஏற்றார்கள். விமான நிலையத்தில் நடந்தது சித்திரவதை. ஹோட்டல் காவலுக்கு நீதிமன்ற உத்தரவும் இல்லை, பதிவேடும் இல்லை. மாசிடோனியா 60,000 யூரோ கொடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. 2018-இல் அந்த நாடு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டது.

அமெரிக்க உளவுத்துறை, அவரைக் கொண்டுபோகப் போதிய ஆதாரம் இல்லை என்பதை 2007-இலேயே தங்கள் செனட் குழுவிடம் ஒப்புக்கொண்டது. கொண்டுபோகச் சொல்லி வற்புறுத்திய அதிகாரி மீது நடவடிக்கை தேவையில்லை என்று அதன் இயக்குநர் முடிவெடுத்தார். இந்தத் தொழிலில் தவறு நேரத்தான் செய்யும் என்பது அவர் சொன்ன காரணம். அந்தத் தவறைச் சுமந்தவருக்கு விடுவிக்கும்போது அவர்கள் கொடுத்தனுப்பிய தொகை 14,500 யூரோ.

இதே காலத்தில், 2002 செப்டம்பரில், நியூயார்க் விமான நிலையத்தில் விமானம் மாறவிருந்த கனடா நாட்டு இன்ஜினீயர் மாஹெர் அராரும் இப்படித்தான் பிடிக்கப்பட்டு சிரியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் விஷயத்தில் கனடா ஒரு நீதிபதியை அமர்த்தித் தன் சொந்தப் போலீஸையே விசாரித்தது. அந்த விசாரணையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)