நுரையீரல் நோயும் எக்ஸ்-ரே படமும்

முத்துக் குளிப்பு நடைபெற்ற காலங்களில் தூத்துக்குடிக் கடலில் ஒரு வழக்கம் இருந்தது. குளிப்பை அறிவிப்பதற்கு முன், கடலடியிலுள்ள பார்களை அதிகாரிகள் சோதிப்பர். மாதிரிச் சிப்பிகளை எடுத்து அவற்றின் முதிர்ச்சியை ஆராய்ந்த பின்னரே குளிப்பு உண்டா, இல்லையா என்பது முடிவாகும். இக்கரையின் கடைசிக் குளிப்பு 1961-இல் நடைபெற்றது. கண்ணுக்கு எட்டாத இடத்தை ஆராய்ந்து மதிப்பிடும் அத்தகைய வேலையையே, நெஞ்சின் எக்ஸ்-ரே படத்தைக் கொண்டு மருத்துவர் செய்கிறார்.

இக்கதிர்களை ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்கன் 1895-இல் கண்டறிந்தார். காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கருமையாகவும், எலும்பு வெண்மையாகவும் தோன்றும். வைரஸ் கிருமியால் அழற்சி உண்டாகி, காற்றறைகளில் நீர் கோத்துக்கொண்டால், கருமையாக இருக்க வேண்டிய இடத்தில் வெண்புகை போன்ற மறைப்புத் தெரியும். கொரோனா நோயில் இது பெரும்பாலும் இரு நுரையீரல்களிலும், குறிப்பாகக் கீழ்ப்பகுதிகளில் காணப்படும்.

இம்மறைப்பை எண்ணால் அளக்கும் முறையொன்றை இத்தாலியிலுள்ள பிரெஷா நகர மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்டனர். அந்நகரின் பழம்பெயரால் அது 'பிரிக்ஸியா' மதிப்பெண் எனப்படுகிறது. ஒவ்வொரு நுரையீரலையும் மேல், நடு, கீழ் என மூன்றாகப் பிரித்து, ஆறு பகுதிகளுக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவர். மொத்தம் 18. எண் உயர உயர நோயும் கடுமையானதென்று கொள்வர்.

ஆயினும் அங்கத்தினர்கள் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். ஒரு நாள் கையிருப்பைக் கண்டு சங்கத்தின் ஆண்டு நிலைமையைத் தணிக்கையாளர் எழுதிவிடுவதில்லை. அதுபோலவே, முதற் படம் தெளிவாக இருப்பதாலேயே ஆபத்தில்லை என்று கருதுதல் தவறு. 2020-இல் ஹாங்காங்கில் 64 நோயாளிகளை ஆராய்ந்தபோது, முதற் படத்திலேயே குறை தென்பட்டவர்கள் நூற்றுக்கு 69 பேரே. நோய்க்குறி தோன்றிய 10 முதல் 12 நாட்களிலேயே மறைப்பு உச்சத்தை அடைந்தது.

ஆகவே படத்தோடு மூச்சையும் கவனிக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு இந்தியச் சிகிச்சை நெறிகளின்படி, விரல்நுனிக் கருவியில் பிராணவாயு அளவு 94-க்குக் குறைந்தாலோ, நிமிஷத்திற்கு 24 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலோ, அது லேசான நோயன்று. அளவு 90-க்குக் கீழ் இறங்கினால் நோய் கடுமையானது. சிலருக்கு மூச்சுத் திணறல் உணரப்படாமலேயே இந்த அளவு இறங்கிவிடும். உடல் தெம்பாகத் தோன்றுவதை நம்பிக் காலங்கடத்தலாகாது.

மறுபுறம், லேசான காய்ச்சலுக்கெல்லாம் சி.டி. ஸ்கேன் தேடிக் கடன்படவும் வேண்டியதில்லை. டில்லி எய்ம்ஸ் இயக்குநராக அப்போதிருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா 2021 மே மாதம் இதனை எச்சரித்தார். சாதாரணமாக நெஞ்சின் சி.டி. ஒன்றில் உடலிற் படும் கதிர், எக்ஸ்-ரே படத்தைப் போல் ஏறத்தாழ அறுபது மடங்காகும். கர்ப்பிணிகள் எந்தப் படத்திற்கும் முன் தம் நிலையைச் சொல்லிவிட வேண்டும்.

நோயின் கடுமையை அளந்தறிவது எதற்கு? யாருக்கு முதலில் உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே. 2021-இன் இரண்டாம் அலையில் பிராணவாயுவுக்கு நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2018-இல் மூடப்பட்ட தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் பிராணவாயு மட்டும் தயாரித்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 27-இல் அனுமதி தந்தது என்றால், அந்நாட்களின் நெருக்கடியை உணரலாம்.

நெசவாளரும் விவசாயிகளும் பழைய எக்ஸ்-ரே படங்களை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துவது நலம். முன்னர் காசநோய் வந்து ஆறியவர்களின் நுரையீரலில் தழும்பு இருக்கக்கூடும். பழைய படம் அருகில் இருந்தால், புதிய மறைப்பு எது, பழைய தழும்பு எது என்று மருத்துவர் எளிதில் பிரித்தறிவார். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டால், நாளையும் பிராணவாயு அளவையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். அளவு 94-க்குக் குறைந்த அன்றே அந்தத் தாளோடும் பழைய படத்தோடும் அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.