இணையத்தின் கொடுக்கல் வாங்கற் கணக்கு

இணையம் என்பது ஒருவர்க்கே உரிய பெருவலையன்று; பல்லாயிரம் வலையமைப்புக்கள் ஒன்றோடொன்று இணைந்து நிற்கும் கூட்டமேயாகும். அவற்றுள் இரண்டு, தத்தம் வாடிக்கைக்காரரின் செய்திகளை இடையாளின்றி நேரே மாற்றிக்கொள்ள உடன்படுவதைப் 'பியரிங்' என்பர். இலண்டனில் 1994-லும் பிராங்பர்ட்டில் 1995-லும் தோன்றிய இணைப்பு நிலையங்கள் இம்மாற்றத்திற்கென அமைந்த சந்தைகள் போல்வன. இவ்வுடன்பாட்டிற் பெரும்பாலும் பணம் கைமாறுவதில்லை. பணம் இல்லாதவிடத்துக் கணக்கு எற்றுக்கு எனின், இருவரும் சமமாய்ப் பயனுறுகின்றனர் என்னும் நம்பிக்கைக்கு அதுவே சான்றாதலின் என்க. அக்கணக்கு எடுக்கப்படுமாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

செய்திகளை வழிப்படுத்தும் ரூட்டரின் ஒவ்வொரு வாயிலிலும், உள்வந்த பைட்டுக்களையும் வெளிச்சென்ற பைட்டுக்களையும் தனித்தனியே எண்ணும் எண்ணிகள் உள. அவை மின்சார மீட்டரைப்போல ஏறிக்கொண்டே செல்லுமன்றி வேகத்தைக் கூறா. ஐந்து நிமிஷத்திற்கு ஒருமுறை அவற்றைப் படித்து, பின்னதினின்று முன்னதைக் கழித்து, எட்டாற் பெருக்கி, 300-ஆல் வகுப்போமாயின், விநாடிக்கு இத்தனை பிட்டு என்னும் சராசரி வேகம் கிட்டும். இவ்வெண்களைக் கோடுகளாக வரைந்து காட்டும் எம்.ஆர்.டி.ஜி. என்னும் கருவியை டோபியாஸ் ஓட்டிகர் என்பார் 1995-ல் வெளியிட்டார். இங்கிலாந்தில் டி மான்ட்போர்ட் சர்வகலாசாலையில் அவர் பணிபுரிந்தபோது, வெளியுலகோடு இணைத்த கம்பி விநாடிக்கு 64,000 பிட்டே சுமந்தது. அதன் நிலையை யாவரும் அறிய விழைந்தமையே அக்கருவி பிறத்தற்குக் காரணம்.

எனினும் இக்கணக்கிற் பிழை புகும் வழிகளும் உள. பழைய 32 பிட்டு எண்ணி 4,294,967,295 வரை எண்ணிப் பின் பூஜ்யத்திற்குத் திரும்பும். விநாடிக்கு 100 கோடி பிட்டு பாயுங்கால் இது சுமார் 34 விநாடிக்கு ஒருமுறை நிகழுமாதலின், ஐந்து நிமிஷத்திற்கு ஒருமுறை படிப்பார் எத்தனை சுற்றுக் கழிந்ததென அறியார். ஆகலின் அத்தகைய இடத்து 64 பிட்டு எண்ணியே தக்கது. அன்றியும், இணைப்பு நிலையத்தில் ஒரே வாயில் வழியாகப் பல கூட்டாளிகளின் செய்திகள் வருமாதலின், எண்ணி மொத்தத்தையே காட்டும். ஒவ்வொருவர் பங்கையும் அறிதற்குச் செய்திப் பொட்டலங்களில் ஆயிரத்திற்கொன்று போல மாதிரி எடுத்து, அனுப்பினார் யார், பெற்றார் யார் எனப் பார்த்து மதிப்பிடுவர்.

கணக்குச் சரியாயினும் வழக்கு முடிவதில்லை. 2005 அக்டோபரில் அமெரிக்காவின் லெவல் 3 கம்பெனி, கோஜென்ட் கம்பெனியோடு கொண்டிருந்த இணைப்பைத் துண்டித்தது. கோஜென்ட் தான் பெறுவதினும் மிகுதியாக அனுப்புகின்றது என்பது அதன் கட்சி. அனுப்பப்பட்டவையோ பெறுவோர் கேட்டவையே யாமென்று மறுகட்சியார் கூறுதற்கும் இடமுண்டன்றோ? இவ்விரு கம்பெனிகளுள் ஒன்றையே நம்பியிருந்த வாடிக்கைக்காரர், மற்றதனையே நம்பியிருந்தாரை எட்டமாட்டாது இடருற்றனர். சில நாளில் இணைப்பு மீண்டது. அம்மாத இறுதியிற் புது உடன்பாடும் ஏற்பட்டது.

எத்துணை சென்றது என்பதை வரைபடம் உரைக்கும். எவர்க்குப் பயன் என்பதை உரைக்கமாட்டாது. அதனை இருவரும் கூடியிருந்து பேசியே தீர்த்தல் வேண்டும். அப்பேச்சு வீண்பூசலாகாமற் காப்பது, இருதிறத்தாரும் ஒப்புக்கொள்ளும் செவ்விய அளவேயாம்.