மொட்டும் நாரும்

வெயில் தாழ்ந்ததும் ஆச்சி எங்களைக் கிணற்றடி மல்லிகைச் செடிக்கு அனுப்புவாள். “விரியதுக்கு முன்ன பறிச்சிரணும் தாயி” என்பாள். நன்றாகப் பருத்து, வெளுத்து, இன்னும் வாய் திறக்காத மொட்டுகள்தாம் மடிக்கு வரவேண்டும். பச்சை மொட்டு மலராது. விரிந்த பூ தொடுக்கும்போதே கசங்கும்.

அவள் கணக்கின் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. மல்லிகை, முல்லை, பிச்சி மூன்றும் ஒரே பேரினத்துச் செடிகள். இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளை வெண்மையாலும் மணத்தாலும் அழைப்பவை. மொட்டில் வாசம் மிகக் குறைவு. இதழ் விரியும்போதுதான் பென்சைல் அசிட்டேட், லினலூல் போன்ற வாசனைச் சேர்மங்கள் பெருகி வெளிவரும். பறித்த பிறகும் பூ மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலாளர்கள் மல்லிகையைக் கொழுப்பின்மேல் பரப்பி, அது விடும் மணத்தைப் பிடித்ததும் இதனால்தான். நம் வீடுகளில் அந்த மலர்ச்சி கூந்தலில் நடந்தது.

அதற்கு ஏற்ற பிடிமானம் வாழைநார். காய்ந்த வாழைப்பட்டையை மெல்லிதாகக் கிழித்து, தொடுக்குமுன் நனைத்துக்கொள்வார்கள். நனைந்த நார் துவளும், தட்டையாக இருப்பதால் காம்பை அறுக்காது, பூவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஈரத்தையும் வைத்திருக்கும்.

நாரை இடக்கையில் பிடித்து, அதன்மேல் இரண்டு மொட்டுகளை ஒரு பக்கம் பார்க்கவும் இரண்டை எதிர்ப்பக்கம் பார்க்கவும் வைக்கவேண்டும். நான்கு காம்புகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும். வலக்கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் சுருக்குப் போட்டு, காம்புகளின்மேல் மாட்டி இழுக்கும். பூவுக்குப் பூ முடிச்சு கிடையாது. அடுத்த சுருக்கு முந்தியதை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். இடையிடையே மணமில்லாத, சீக்கிரம் வாடாத கனகாம்பரமும் வாசமுள்ள மரிக்கொழுந்தும் சேர்ந்தால் கதம்பம்.

கலை முழுவதும் அந்த இழுப்பில் இருக்கிறது. தளர்ந்தால் பூ உதிரும். மிஞ்சினால் காம்பு துண்டாகும். என் முதல் சரம் கோயில் வாசலை எட்டுமுன்பே உதிர்ந்துபோனது. ஆச்சி திட்டவில்லை. என் விரல்மேல் தன் விரலை வைத்து இழுத்துக் காட்டினாள். எவ்வளவு இழுக்கவேண்டும் என்பது அப்படித்தான் கைமாறும்.

அந்தக் கிணற்றடி இப்போது இல்லை. மொட்டைமாடித் தொட்டியில் ஒரு மல்லிகை நிற்கிறது. நாலு மொட்டு கண்டாலும் நாரை நனைத்து மகளைக் கூப்பிட்டுவிடுவேன். ஒரு சுருக்குக்கு நாலு மொட்டு போதும்.