கடுகை விடச் சின்ன நிலத்துக்கும் கணக்கு! சோழ ராஜ்ஜியத்தை எப்படி ஆண்டார்கள் தெரியுமா?

டிராகன் பறக்கும் வெப் சீரிஸில் ஏழு ராஜ்ஜியம், ஊருக்கொரு சிற்றரசன், முதுகில் குத்தும் தளபதி என்று பார்த்து வாயைப் பிளக்கிறீர்களா? ரிமோட்டைக் கீழே வையுங்கள்! ஆதம்பாக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்றால், அதையெல்லாம் நிஜமாகவே நடத்திக்காட்டிய ஒரு சாம்ராஜ்ஜியத்தின் மாகாணத்துக்குள்தான் உங்கள் சோபா கிடக்கிறது!

சோழர் காலத்தில் இந்த வட்டாரத்தின் விலாசம் என்ன தெரியுமா? ஜெயங்கொண்ட சோழ மண்டலத்துப் புலியூர்க் கோட்டம்! பக்கத்தில் இருக்கும் வேளச்சேரி, அந்தப் பக்கம் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி எல்லாம் இதே கோட்டம்தான். தலைமை ஊரான புலியூர் எங்கே போனது என்கிறீர்களா? கோடம்பாக்கத்துக்குள் இன்னமும் அதே பெயரில் இருக்கிறது! தொண்டை நாட்டில் இப்படி மொத்தம் 24 கோட்டங்கள், அவற்றுக்குள் 79 நாடுகள் என்பது பழங்கணக்கு.

அது சரி, 'ஜெயங்கொண்ட சோழன்' யார்? முதலாம் ராஜராஜன்தான்! மனிதர் தன் ஆட்சிக்குள் இருந்த நாடுகளுக்கெல்லாம் தன் பட்டப்பெயரைச் சூட்டிவிடுவார். தொண்டை மண்டலம் ஜெயங்கொண்ட சோழ மண்டலம் ஆனது. இலங்கை மும்முடிச் சோழ மண்டலம். நுளம்பபாடி நிகரிலிச் சோழ மண்டலம். பாண்டிய நாடு ராஜராஜ மண்டலம். வரைபடத்தில் எங்கே விரலை வைத்தாலும் அவர் பெயர்! இலங்கையில் இருந்த சில ஊர்களின் வரி கடல் தாண்டித் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தது என்றால் நம்புவீர்களா?

இதைவிடப் பெரிய அதிசயம் நில அளவை! கி.பி. 1001 வாக்கில் ராஜராஜன் நாட்டையே அளக்கச் சொன்னான். பொறுப்பேற்ற சேனாபதிக்குக் கிடைத்த பட்டம் என்ன தெரியுமா? 'உலகளந்தான்'! கோலின் நீளம் 16 சாண். எவ்வளவு நுணுக்கமாக அளந்தார்கள் என்று கேட்டால் தலை சுற்றும். ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக வெட்டுங்கள். அதில் ஒரே ஒரு பங்கு! அதற்கும் வரிக்கணக்கில் இடம் உண்டு!

எப்படி இந்தப் பூதாகரமான எண் வந்தது? முந்திரி என்றால் 320-இல் ஒன்று. கீழ்முந்திரி என்றால் அந்த முந்திரியிலும் 320-இல் ஒன்று. இப்படிக் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனார்கள் நம் கணக்கர்கள். இன்றைய வேலியை ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். அரைச் சதுர மில்லிமீட்டர் வரும்! ஒரு கடுகை வைக்கக்கூட இடம் பத்தாது! அங்கே யாரும் கோலைக் கொண்டுபோய் வைக்கவில்லை, எல்லாம் ஓலையில் போட்ட கணக்குதான். ஆனாலும் அதை எழுதிவைக்கத் தோன்றியதே!

இன்னொன்று கேளுங்கள். 1086-இல் இங்கிலாந்தில் வில்லியம் மன்னர் ஊர் ஊராக ஆள் அனுப்பி நிலம், மாடு, ஆலை என்று எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். அதுதான் உலகப் புகழ் பெற்ற டூம்ஸ்டே புத்தகம். அதே 1086-இல் இங்கே முதலாம் குலோத்துங்கன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? சோழ நாட்டை மறுபடி அளந்துகொண்டிருந்தான்! அவருக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவரைத் தெரியாது!

அரசன் தானமாகக் கொடுத்த கிராமத்துக்கு எல்லை குறிப்பது யார்? சர்வேயரா? இல்லை, யானை! அதுவும் பெண் யானை! அதிகாரிகள் புடைசூழ அது ஊரைச் சுற்றி நடந்துவர, அது போன வழியில் கல்லையும் கள்ளிச்செடியையும் நட்டுவிடுவார்கள். முடிந்தது எல்லைத் தகராறு! இப்படி எல்லை குறித்துக் கொடுத்த ஊர்களில் ஒன்று ஆனைமங்கலம். (பெயர்ப் பொருத்தம் பாருங்கள்!) வாங்கிக்கொண்டது யார்? கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரம்! சைவ அரசன் புத்த விகாரத்துக்கு எழுதிவைத்த நெல் 8,943 கலம், அதற்கு மேல் தூணி, குறுணி, நாழி வரை சில்லறை! அதைச் சொல்லும் 21 செப்பேடுகளும் டச்சுக்காரர்களோடு கப்பலேறி லெய்டன் போய்ச் சேர்ந்தன.

சரி, ஊரை ஆண்டது யார்? உத்திரமேரூர் தெரியும்தானே? நம் செங்கல்பட்டைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919-இலும் 921-இலும் வெட்டியவை. 30 குடும்பு, அதாவது 30 வார்டு. வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் வேண்டும். (அது பிராமண ஊர்ச் சபை. மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் நுழைய இடமில்லை என்பதை நாம் மறைக்க வேண்டாம்.)

ஆனால் தகுதி நீக்கப் பட்டியல் இருக்கிறதே, அதுதான் அமர்க்களம்! முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனா? வெளியே! அவன் மட்டுமா? அவன் அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மச்சான், அத்தை பையன், மாமா பையன், பெரியம்மா சித்தி பிள்ளைகள், எல்லோரும் வெளியே! கள்ளக் கையெழுத்துப் போட்டவனும் வெளியே. கழுதை மேல் ஏற்றப்பட்டவனும் வெளியே! இந்தச் சட்டத்தை இன்று கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அந்த ஓலையை வாங்கும் பெரியவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும்! விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதாம்! ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம், பொன்னுக்குப் பொன் வாரியம். பதவிக்காலம்? வெறும் 360 நாள்!

வரி எத்தனை தெரியுமா? சோழர் கல்வெட்டுகளில் வரிப் பெயர்களாக 400-க்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள் ஆய்வாளர்கள்! தறிக்கு வரி, செக்குக்கு வரி, கல்யாணத்துக்கும் வரி! அதிகாரிகளுக்குச் சம்பளக் கவர் கிடையாது, ஜீவிதம் என்று நிலம். கூடவே மூவேந்தவேளான், பல்லவரையன், பிரமராயன் என்று நீளமான பட்டங்கள். பல்லாவரம் வழியாகப் போனால் வரும் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரும் சோழனின் அமைச்சராக இருந்து 'உத்தமசோழப் பல்லவன்' என்ற பட்டம் பெற்றவர் என்பது மரபு!

பாண்டிய நாட்டை அடக்க ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் செய்த வேலை இன்னும் வினோதம்! தன் மகனையே மதுரைக்கு அனுப்பி, 'சோழ பாண்டியன்' ஆக்கி, பாண்டியர்களுக்கே உரிய 'சடையவர்மன்' என்ற பட்டத்தையும் சூட்டிவிட்டான்! அங்கே கட்டிய மாளிகையின் பாரம் பூமிக்கே தாங்கவில்லை என்று பெருமையடிக்கிறது கல்வெட்டு.

துரோகம் இல்லாமல் ராஜ்ஜியமா? ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் தெரியுமா? எதிரி நாட்டு ஒற்றர்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டைப் பாருங்கள். துரோகிகளில் ஒருவனான ரவிதாசனின் பட்டம் 'பஞ்சவன் பிரமாதிராஜன்', பரமேஸ்வரனின் பட்டம் 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'! அரசாங்கப் பட்டம் வாங்கிய அதிகாரிகள்! உறவினர்களின் சொத்து வரை பறிமுதல் ஆனது.

அதையும் மிஞ்சியது 1231! மூன்றாம் ராஜராஜ சோழனைப் பிடித்துச் சிறையில் போட்டது யார்? அவனுக்குக் கீழ் இருக்க வேண்டிய காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன்! உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்துச் சேந்தமங்கலத்தில் சோழச் சக்கரவர்த்தி கைதி! கர்நாடகத்திலிருந்து ஹொய்சள நரசிம்மன் படை அனுப்பித்தான் அவனை மீட்க வேண்டியிருந்தது.

கடைசியாக, சோழர் காலத்தைத் தாண்டி நம் சீமைக்கே வருவோம். 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகத் தூக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? அதே சீமையைக் கம்பெனியிடமே குத்தகைக்கு எடுத்து, 1780 வரை வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டிருந்தார்!